ஹமீது நானா கேட்ட வில் பட்டை

ஹமீது நானா இறந்த செய்தியை எனக்குக் கொண்டுவந்தவர் தூண்டில் முள் குத்திய ஒரு மீன்காரர். கருக்களாச்சேரிக்காரர். உள்ளங்கையில் முள் ஏறி, காலையில் முதல் ஆளாக நம் வைத்தியசாலைக்கு வந்திருந்தார். முள்ளைக் கீறி எடுக்கும்போது வலி தெரியாமலிருக்க எதையாவது பேசிக்கொண்டிருங்கள் என்றேன். அவர் பேசியது இதுதான்: "பஸ் ஸ்டாண்டு பக்கம் மோட்டார் ரிப்பேர் பாப்பாங்களே ஹமீது நானா, நேத்து நெஞ்சு வலின்னு படுத்தவங்க எந்திரிக்கலையாம். லுஹர் தொழுகைக்கு அப்புறம் எடுக்கிறாங்களாம்." என் கை அப்படியே நின்றுவிட்டது. முள் இன்னும் உள்ளேதான் இருக்கிறது என்று அவர்தான் நினைவூட்டினார்.

அன்று மதியம் நானா வீட்டு வாசல்வரை போய், உள்ளே போகாமல் திரும்பிவிட்டேன். என்னைப் பார்த்தவர்கள், நோயாளிகள் காத்திருப்பதால் அவசரமாகப் போகிறேன் என்று நினைத்திருப்பார்கள். நோயாளி யாரும் காத்திருக்கவில்லை. உள்ளே அவர் மனைவி சுபைதா உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

நாற்பதாம் நாள் எல்லோரும் கூடும்போது வாசிக்க இரண்டு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்று நம் கமிட்டியார் கேட்டார்கள். நானாவோடு ஊர் ஊராக அதிகம் சுற்றியவள் நான்தான் என்பது காரணம். அவரைப் புகழ்ந்து எழுத எனக்கு ஒரு தயக்கமும் இல்லை. ஆனால் அதற்கு முன்னால், அவரைப் பற்றி நம் பதிவேட்டில் இருக்கும் ஒரு வரி பொய் என்று சொல்லியாக வேண்டும். அவரோடு வேலை பார்த்தவர்கள் எல்லோரும் இங்கே உட்கார்ந்திருக்கும்போதே சொல்ல வேண்டும்.

உங்களில் புதிதாக வந்தவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. பிரெஞ்சுக்காரர்கள் ஊரைவிட்டுப் போனபோது, சாலை வேலை பார்த்த ஒரு துரை, தான் தங்கிக்கொள்ள வைத்திருந்த இழுவை வீட்டை நம் வைத்தியசாலைக்குக் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு சக்கரம், நான்கு தகரச் சுவர், ஒரு கதவு, முன்னால் கொக்கி. அவர் அதைக் கரவான் என்றார். ஊர் அதைச் சக்கர வீடு என்றது. அதை நம் நோயாளி வேனுக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு கிராமங்களுக்குப் போனால், கதவைச் சாத்திக்கொண்டு பெண்களுக்கு வைத்தியம் பார்க்கலாம் என்று கமிட்டி முடிவு செய்தது. சைகோனில் ரப்பர் தோட்டத்து இழுவை லாரிகளை ஓட்டிவிட்டு ஊர் திரும்பியிருந்த ஹமீது நானாவை டிரைவராக வைத்தார்கள். என்னை நர்ஸாக வைத்தார்கள், அரை மனதோடு.

வந்த முதல் நாளே அவர் கரவானை வேனில் மாட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். கரவானின் கனம் கொக்கி வழியாக வேனின் வாலை அமுக்கியது. வால் தாழ்ந்தால் மூக்கு தூக்கும். மூக்கு தூக்கினால் முன் சக்கரத்துக்குத் தரையில் பிடி இருக்காது, ஸ்டியரிங் சொன்ன பேச்சைக் கேட்காது. இதையெல்லாம் எனக்கு அவர் சொன்னது ஒரு தாம்பாளத்தையும் இரண்டு தேங்காயையும் வைத்து. வேனின் பின் வில்லில் இன்னும் இரண்டு பட்டை சேர்க்க வேண்டும் என்றார். வில் என்றால் வண்டியின் அடியில் பாரம் தாங்க ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும் வளைந்த இரும்புப் பட்டைகள்தான். சேர்த்தார். வேன் நேராக நின்றது. பூவம், விழிதியூர், கருக்களாச்சேரி என்று மூன்று வாரம் போய்வந்தோம், ஒரு குறையும் இல்லை.

குறை சொன்னவள் நான். கரவான் போகாத நாட்களில் அதே வேன்தானே நோயாளிகளை ஏற்றி வரும்? விழிதியூரிலிருந்து ஒரு பெண்ணைப் பிரசவ வலியோடு ஏற்றிக்கொண்டு வந்தோம். பின்னால் கரவான் இல்லை, கனம் இல்லை. கூடுதல் பட்டை போட்ட வில் கல்லாக நின்றது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவள் அலறினாள். என் கையை அவள் பிடித்த பிடியில் நகம் பதிந்து ரத்தம் வந்தது. பாதி வழியில், இறக்கி விடுங்கள், நடந்தே வருகிறேன் என்று கெஞ்சினாள். பிள்ளை நல்லபடி பிறந்தது, ஆனால் எனக்குக் கோபம் அடங்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலிலேயே நானாவிடம் சண்டைக்குப் போனேன். மனுஷரை ஏற்றும் வண்டியா, உப்பு மூட்டை ஏற்றும் வண்டியா என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "நர்ஸம்மா, வேனுக்கு இருக்கிறது ஒரே வில்லு. நாம அதுக்கிட்ட ரெண்டு வேலை கேக்குறோம். தப்பு வில்லு மேல இல்லைங்க" என்றார்.

மறுநாள் என் முன்னாலேயே கூடுதல் பட்டைகளைக் கழற்றினார். அதைக் கழற்றச் சொன்னது நான். கமிட்டிக்கு அது தெரியாது.

கழற்றிவிட்டு அவர் ஒரு வழி சொன்னார். துணைப் பட்டை என்று ஒன்று இருக்கிறதாம். வில்லுக்கு மேலே தனியாகச் சும்மா கிடக்கும். வேன் லேசாகப் போகும்போது எதிலும் தொடாது, நோயாளிக்கு அதிராது. கரவானை மாட்டிக் கனம் ஏறி வில் தாழ்ந்தால் மட்டும் தானும் சேர்ந்து தாங்கும். திருச்சியில் தெரிந்த லாரிப் பட்டறைக்கு அளவெடுத்து எழுதிப் போட்டிருக்கிறேன், இரண்டு வாரத்தில் வந்துவிடும், அதுவரை கரவானை நகர்த்த வேண்டாம் என்றார். இவ்வளவு நல்ல யோசனையை நான் அப்போது காதில் சரியாகவே வாங்கவில்லை.

ஏனென்றால் பூவத்தில் அம்மை கண்டிருந்தது. ஊசி போடும் நாளைத் தண்டோரா போட்டுச் சொல்லியாயிற்று. கரவானை விட்டுவிட்டு வேனில் மட்டும் போகலாம் என்றார் நானா. மறைவு இல்லாமல் பெண்கள் கையை நீட்ட மாட்டார்கள், பாதிப் பேர் வீட்டுக்குள்ளேயே இருந்துவிடுவார்கள் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். நான் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கடைசியில் அவர் இறங்கி வந்தார். முந்தின நாள் மாலை கரவானை வேனில் மாட்டி, அதற்குள் அவரே சாமான்களை அடுக்கினார். பெட்டிகளைச் சக்கரத்துக்கு நேர் மேலேயும் கொஞ்சம் முன்னாலும் வைத்தார். தண்ணீர் டிரம்மைக் காலியாக நடுவில் நிறுத்தி, காலையில் பாதிக்குமேல் நிரப்பக் கூடாது என்றார். இடம் மாற்றாதீங்க என்றும் சொன்னார்.

காலையில் அவர் வருவதற்கு முன்னால் நான் வந்துவிட்டேன். வேனின் வால் தாழ்ந்தே நின்றது, பார்க்கவே மாடு கழுத்தொடிந்து நிற்பதைப்போல இருந்தது. நான் விழிதியூரில் நிலம் உழுகிற வீட்டில் பிறந்தவள். மாட்டு வண்டியில் முன்பாரம் ஏறினால் என்ன செய்வோம்? மாட்டின் கழுத்து நோகும், எல்லோரும் பின்னால் தள்ளி உட்காருங்கள் என்போம். நெல் மூட்டையாக இருந்தாலும் ஒன்றிரண்டைப் பின்னால் இழுத்துப் போடுவோம். நுகத்தடி லேசாகும், மாடு தலை நிமிரும். எங்கள் பக்கத்தில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் இது தெரியும். இவ்வளவு பெரிய மெக்கானிக்குக்கு இது தெரியவில்லையே என்று எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. டிரம்மைக் கரவானின் கடைசிச் சுவர்வரை உருட்டிக்கொண்டு போனேன். பெட்டிகளையும் பின்னால் இழுத்துப் போட்டேன். தண்ணீர் கொண்டுவந்தவரிடம் டிரம்மை விளிம்புவரை நிரப்பச் சொன்னேன். வேனின் வால் நிமிர்ந்தது. கூடுதல் பட்டை எதுவும் இல்லாமலே வண்டி நூல் பிடித்த மாதிரி நேராக நின்றது.

நானா வந்து பார்த்தார். கொக்கியின் மேல் கையை வைத்துப் பார்த்தார். "லேசா நிக்குதே, என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார். இரண்டு பெட்டியை இறக்கிவிட்டேன் என்றேன். அது பொய். உண்மையைச் சொன்னால் எல்லாவற்றையும் பழையபடி மாற்றி அடுக்குவார், நேரமாகிவிடும் என்று நினைத்தேன். அதைவிட, சாயங்காலம் திரும்பி வந்தபிறகு சொல்லி அவரை மடக்க வேண்டும் என்ற ஆசை. அந்த ஆசைதான் பெரிது. அவர் கரவான் கதவைத் திறக்கப் போனார். நேரமாகிறது வாங்க என்று நான் வேனில் ஏறி உட்கார்ந்தேன். அவரும் வந்து ஏறினார்.

பூவத்துக்குச் சற்று முன்னால் ஒரு மதகின்மேல் ஏறி இறங்க வேண்டும். இறக்கத்தில் வேன் கொஞ்சம் வேகம் எடுத்ததும் பின்னால் கரவான் ஒருமுறை அசைந்தது. நாய் வாலை ஆட்டுவதைப்போல முதலில் மெதுவாக, பிறகு ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாக. மாட்டு வண்டி நடக்கிற வேகத்தில் பின்பாரம் ஒன்றும் செய்யாது. மோட்டார் வேகத்தில் அதுதான் வண்டியை இழுத்துச் சாய்க்கும் என்பது எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். அவர் பிரேக்கை மிதிக்காமல் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "பிடிச்சிக்கிங்க நர்ஸம்மா" என்றார். கரவான் வாய்க்காலில் சரிந்தது. வேனையும் இழுத்தது. அவர் தன் பக்கம் மரத்தில் மோதும்படி வண்டியைத் திருப்பினார் என்று இன்றும் நான் நம்புகிறேன். எனக்கு நெற்றியில் ஒரு சிராய்ப்பு மட்டும்தான். அவருக்கு இடது கால் இரண்டு இடத்தில் ஒடிந்தது. கரவானுக்குள் யாரையும் ஏற்றக் கூடாது என்று அவர் முதல் நாளிலிருந்தே கண்டிப்பாக இருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. கரவான் நொறுங்கிவிட்டது. பூவத்தில் அன்று ஊசி போடவில்லை. அதன் பிறகு எந்தக் கிராமத்துக்கும் சக்கர வீடு போகவில்லை.

கால் கட்டோடு அவரை நாற்காலியில் உட்கார வைத்துக் கமிட்டி விசாரித்தது. கூடுதல் பட்டையை ஏன் கழற்றினீர்கள் என்று கேட்டார்கள். வேண்டாம் என்று தோன்றியது, கழற்றினேன் என்றார். சாமான் ஏற்றியது யார் என்று கேட்டார்கள். நான் நாலடி தள்ளி உட்கார்ந்திருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "ஏத்தினது யாரா இருந்தா என்னங்க. பாக்காம வண்டியை எடுத்தது நான்" என்றார். என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள், வேகமாக ஓட்டினாரா என்று. இல்லை என்றேன். அதோடு என் வாய் அடைத்துக்கொண்டது. வேலை போய்விடும் என்று பயந்தேன். பெண்பிள்ளையை வேலைக்கு வைத்தால் இப்படித்தான் என்று சொல்லிவிடுவார்களே என்றும் பயந்தேன். பயத்துக்கு என்ன பெயர் வைத்தாலும் பயம்தான்.

பதிவேட்டில் "ஓட்டுநரின் கவனக்குறைவு" என்று எழுதி அவரை அனுப்பிவிட்டார்கள். பிறகு அவர் சர்க்கார் டிரைவர் வேலைக்கு மனுப் போட்டபோது, நன்னடத்தைப் பத்திரத்தில் நம்மவர்கள் அதே வரியை எழுதிக் கொடுத்தார்கள். வேலை கிடைக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் கீற்றுக் கொட்டகை போட்டு, சாய்ந்து சாய்ந்து நடந்து, மற்றவர்கள் ஓட்டும் வண்டிகளுக்கு அடியில் படுத்து வேலை பார்த்தார். ஊசிகளைக் கொதிக்கவைக்கும் நம் ஸ்டெரிலைசர் அடுப்பு பழுதானால் நான் அங்கேதான் கொண்டுபோவேன். பார்த்ததும் கேலி பேசுவார். ஒருநாள் ஒரு லாரிக்காரர் வந்து பின்னால் இழுவை வண்டி மாட்டப் போவதாகவும் எத்தனை பட்டை சேர்க்கலாம் என்றும் கேட்டார். "வில்லு கனத்தைத் தாங்கும் தம்பி. கனம் எங்க உக்காந்திருக்குன்னு அதுக்குத் தெரியாது. அதை நீதான் பாத்துக்கணும்" என்றார் நானா. நான் அடுப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அடுப்பைச் சரிசெய்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அவர் போய்ப் பத்து நாள் கழித்து சுபைதாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். டிரம்மை உருட்டியது, பொய் சொன்னது, விசாரணையில் வாய் மூடி இருந்தது, எல்லாம். அழுதுகொண்டே சொன்னேன். அவர் அழவில்லை. நான் முடிக்கும்வரை கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்: "தெரியும் நர்ஸம்மா. கவுந்து கெடந்த கரவான்ல டிரம்மு எங்க கெடந்துச்சுன்னு அவங்க அங்கேயே பாத்துட்டாங்க. எங்கிட்ட அன்னிக்கே சொன்னாங்க. நீங்களா வந்து சொல்லுவீங்க, நாமளா கேக்கக் கூடாதுன்னு சொல்லி வச்சிருந்தாங்க. ஒவ்வொரு பெருநாளைக்கும் நீங்க வர்றப்ப, இன்னிக்குச் சொல்லிடுவாங்க பாருன்னு எங்கிட்ட சொல்லுவாங்க."

பெரியோர்களே, அந்த வரியை அடித்துவிட்டு என் பெயரை எழுதுங்கள். என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். ஹமீது நானாவின் நினைவாக உங்கள் ஒவ்வொருவரிடமும் ஏதாவது இருக்கும், அவர் பழுது பார்த்த சைக்கிளோ, சொன்ன கேலியோ. என்னிடம் இருப்பது, விபத்துக்குப் பிறகு அவர் வீட்டில் சாப்பிட்ட நான்கு பெருநாள்கள். நான்கு முறையும் அவர் வாசலில் நின்று வாங்க என்று கூப்பிட்டார். நான்கு முறையும் பிரியாணி பரிமாறிவிட்டு எதிரே உட்கார்ந்து, நான் வாய் திறப்பதற்காகக் காத்திருந்திருக்கிறார். நான் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, போய்வருகிறேன் என்று சொல்லி வந்தேன்.