சித்தி வரைந்த இதயமும் அசையாத ஓட்டுநரும்

“உன் சித்திக்கு ஆஸ்பத்திரியில என்ன வேலை? டாக்டரா, நர்ஸா?” என்று, வீட்டில் சம்பாதிப்பவர்களின் விவரத்தை நிரப்பிக்கொண்டே கல்லூரிச் சேர்க்கைப் பிரிவின் எழுத்தர் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. “ரெண்டும் இல்லை சார்” என்றேன். “அப்போ கேன்டீனா?” என்று கேட்டுவிட்டு, அவரே ‘இதர பணி’ என்று எழுதிக்கொண்டார். பத்து வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது. அப்பாவைக் கேட்டால், “அவளுக்கென்ன, டிவி பார்க்கிறதுக்குச் சம்பளம்” என்பார். ஆகவே சித்தியிடமே கேட்டேன். அன்று அவர் கடுகடுவென்று வீட்டுக்கு வந்திருந்தார். கோபமாக இருக்கும்போதுதான் சித்தி நன்றாக விளக்குவார்.

சித்தியின் வேலை இதயத்தை வரைவது. துடிப்பு தாறுமாறாக ஓடுகிறவர்களுக்கு நெஞ்சைத் திறக்காமலே சிகிச்சை செய்கிறார்கள். தொடையருகே சின்னத் துளை போட்டு, ரத்தக் குழாய் வழியாக, சைக்கிள் பிரேக் கம்பி போன்ற மெல்லிய குழாயை இதயம்வரை ஏற்றுவார்கள். டாக்டர் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஒரு கைப்பிடியைத் திருப்ப, அந்தப் பக்கம் ரோபோ அந்தக் குழாயை வளைக்கும். ஆனால் எக்ஸ்ரேயில் நிழல்தான் தெரியும், அதையும் நெடுநேரம் ஓடவிடக் கூடாது. எனவே முதலில் குழாயின் நுனியால் இதயத்தின் உட்சுவரைப் புள்ளி புள்ளியாகத் தொட்டு, கணினித் திரையில் ஓர் இதயத்தை உருவாக்குகிறார்கள். அந்தப் படத்தை உருவாக்குவதும் காப்பதும் சித்தி. நுனி இப்போது எங்கே, எந்தப் பக்கம் வளைக்க வேண்டும் என்று படத்தில் ஓர் அம்புக்குறி காட்டும். டாக்டர் அதைப் பார்த்துத்தான் ஓட்டுகிறார்.

“படம் ரொம்ப அழகா இருக்கும். அதான் தொல்லையே” என்றார் சித்தி. “ஆள் புரண்டா இதயமும் கூடவே போயிடும். படம் போகாது. அது பாட்டுக்குப் பளபளன்னு அங்கேயே உட்கார்ந்திருக்கும்.”

சந்தேகம் வந்தால் சித்தி வேலையை நிறுத்தச் சொல்வார். ஒரு நொடி எக்ஸ்ரே எடுத்து, படமும் உடம்பும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பார். பெரும்பாலும் பொருந்தும். அதனால் அங்கே அவருக்குச் ‘சிவப்பு சிக்னல்’ என்று பட்டப்பெயர்.

அன்று படுத்திருந்தவர் ஒரு பஸ் ஓட்டுநர். கெட்ட துடிப்பு கிளம்பும் இடத்தைக் குழாய் நுனியின் சூட்டால் சுட வேண்டும். அதற்குச் சில மில்லிமீட்டர் தள்ளி, இதயத்தின் மேல் அறைகளிலிருந்து கீழ் அறைகளுக்குத் துடிப்பைக் கடத்தும் இயற்கையான வழி இருக்கிறது. படத்தில் சித்தி அதை மஞ்சளாகக் குறித்திருந்தார். அதைத் தெரியாமல் சுட்டுவிட்டால் நெஞ்சில் ஆயுளுக்கும் பேஸ்மேக்கர் கருவி வைக்க வேண்டும், ஓட்டுநருக்குப் பஸ்ஸும் போய்விடும். முழு மயக்கமும் கொடுக்க முடியாது. ஆழ்ந்து தூங்கினால் அந்தக் கெட்ட துடிப்பே ஒளிந்துகொள்ளுமாம்.

அவர் இருமியபோது சித்தி நிறுத்தினார். படம் பொருந்தியது. தொண்டையைச் செருமியபோது மறுபடி நிறுத்தினார். அப்போதும் பொருந்தியது.

“அம்மா தாயே, வெளியில இன்னும் ரெண்டு பேர் காத்திருக்காங்க” என்றார் டாக்டர். “இன்னொரு தடவை நிறுத்தினீங்கன்னா, நாளையிலேருந்து அந்த நாற்காலியில வேற ஆளை உட்கார வைக்கச் சொல்லிடுவேன்.”

சுடுவதற்கான மிதியில் டாக்டர் கால் வைக்கப் போனார். அப்போது கண்ணாடி வழியே சித்தி பார்த்தார். ஓட்டுநரின் இடுப்புப் பக்கம் போர்வையின் மடிப்பு மாறியிருந்தது.

“சார், காலை எடுங்க.”

“இப்ப என்ன?”

“போர்வை மடிப்பு மாறியிருக்கு.”

“மடிப்பைப் பார்த்து வைத்தியம் பண்றதுன்னா, இஸ்திரி போடறவரைக் கூப்பிடுங்க!”

சித்தி ஒலிபெருக்கியில் கேட்டார். “ஐயா, அசைஞ்சீங்களா?”

“சேச்சே! ஒரு இம்மிகூட இல்லீங்க. எட்டு மணி நேரம் ஒரே சீட்ல உட்கார்றவன் நான்.”

“கேட்டாச்சா? திருப்தியா?” என்றார் டாக்டர்.

சித்திக்கு மண்டை காய்ந்தது. பதினைந்து வருடத்தில் ‘அசைந்தேன்’ என்று ஒப்புக்கொண்ட ஒரு நோயாளியைக்கூட அவர் பார்த்ததில்லை. வகுப்பில் எல்லோரும் ‘புரிந்தது சார்’ என்று சொல்வோமே, அதே கதை. எட்டு மணி நேரம் ஒரே சீட்டில் உட்கார்கிறவருக்கு இடுப்பு வலிக்காமலா இருக்கும்? சித்தி கேள்வியை மாற்றிக் கேட்டார்.

“இடுப்பு வலி இப்ப எப்படி இருக்கு ஐயா?”

“இப்பத் தேவலைங்க! கொஞ்சம் ஒருக்களிச்சதும் சொல்லி வெச்ச மாதிரி விட்டுப்போச்சு.”

டாக்டர் மிதியிலிருந்து காலை இழுத்துக்கொண்டார்.

“அசையலைன்னு சொன்னீங்களே?” என்று கத்தினார்.

“அசைஞ்சா திட்டுவீங்கன்னு நர்ஸம்மா சொன்னாங்க சார். அதான்…”

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். படம் ஐந்து மில்லிமீட்டர் தள்ளியிருந்தது. திரையில் பத்திரமான இடம் என்று தெரிந்தது, உடம்பில் அந்தத் துடிப்பு வழியின் மேலேயே இருந்தது. மீண்டும் முதல் புள்ளியிலிருந்து வரைய நாற்பது நிமிடம் ஆயிற்று. அத்தனை நேரமும் டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். நன்றி என்று ஒரு வார்த்தை வரவில்லை. முடித்துவிட்டுப் போகும்போது, “நாளைக்கு எட்டு மணிக்கு வந்துடுங்க, லேட் பண்ணாதீங்க” என்று மட்டும் சொன்னாராம்.

“நான் என்னிக்குடா லேட்டாப் போயிருக்கேன்?” என்று சித்தி என்மேல் எரிந்து விழுந்தார்.

ஓட்டுநர் ஒன்றரை மாதத்தில் மறுபரிசோதனைக்கு வந்தார். கருவி எதுவும் வைக்கவில்லை, பஸ் ஓட்டத் தகுதிச் சான்றும் கிடைத்துவிட்டது. “அன்னிக்கு நான் அசையவே இல்லைன்னு இப்பவும் சாதிக்கிறார்டா அந்த மனுஷர்” என்று சித்தி தலையில் அடித்துக்கொண்டார்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாராவது இப்படி ஒரு மேசையில் படுக்கப் போகிறார்கள் என்றால், தயவுசெய்து இந்தக் கதையை அவர்களிடம் சொல்லுங்கள். அசைந்துவிட்டால் உடனே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். திட்டுவார்கள், திட்டட்டும். அவர்களையும் இன்னும் நாலு பேருக்குச் சொல்லச் சொல்லுங்கள்.