பாலம் வந்த பிறகும் ஓடையில் இறங்கிய அண்ணன்

அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலருக்கு எழுத எல்லோரும் என்னையே கைகாட்டினார்கள். அவர் மணம் செய்துகொள்ளாதவர். உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்ட தங்கை நான்தான் கடைசிவரை உடனிருந்தேன். எழுத உட்கார்ந்தால் அலுப்பாக இருக்கிறது. அவரால் பட்ட அலுப்பே இன்னும் தீரவில்லை.

அண்ணன் பிறந்தது கரியாலூருக்குக் கீழே, இரண்டு ஓடைகளுக்கு நடுவில் உள்ள எங்கள் சிற்றூரில். ஐப்பசி மழையில் இரண்டும் பெருகினால் நாலைந்து நாள் வெளியே போக முடியாது. சாமையும் மரவள்ளியும் பயிர் செய்துகொண்டே ஒரு கால்பந்து அணி சேர்த்தார். முதல் போட்டிக்குச் சட்டைகளை மூட்டை கட்டித் தலையில் வைத்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் அக்கரை போனார்கள். சொட்டச் சொட்ட வந்தவர்களை அங்கிருந்தவர்கள் 'தீவுக்காரங்க' என்று கேலி செய்தார்கள். ஆட்டத்தில் தோற்றார்கள், பெயர் நிலைத்துவிட்டது. அன்றிலிருந்து தீவு அணி ஓடையில் இறங்கித்தான் ஆடப் போகும், கோடையில் கணுக்கால் நனைய மட்டுமே தண்ணீர் இருந்தாலும். சேற்றுச் சட்டைகளைத் துவைத்தவள் நான். எத்தனை ஊறவைத்தாலும் செம்மண் போகாது.

ஒரு மழைக்காலத்தில் அம்மாவுக்கு மூச்சுத் திணறியது. கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓடினோம். ஓடை வழி விடவில்லை. கரையிலேயே உயிர் போயிற்று. அதன்பின் அண்ணன் பாலம் கேட்டு மனு எழுதி, கள்ளக்குறிச்சிக்குச் செருப்பு தேய அலைந்தார். ஒருவழியாகப் பாலம் வந்தது.

வந்த பிறகும் அணியைத் தண்ணீரில்தான் இறக்கினார். வண்டியில் பாலத்தின் மேல் போனவர்களை ஆடவிடவில்லை. அவர்களில் என் மகனும் ஒருவன். அன்று எனக்குப் பொறுக்கவில்லை.

"மனு எழுதிக்கினு அலைஞ்சது நீதானேண்ணா. இப்ப அது மேல போனா இன்னா தப்பு?"

"பாலம் சனங்களுக்கும்மா. டீமு தண்ணியிலதான் போவணும்" என்றார்.

பிடித்த பிடியை விடுகிறவரா அவர்? ஒவ்வொருவராக விலகினார்கள். சிலர் திருப்பூருக்கு வேலைக்குப் போனார்கள். மிஞ்சியது ஏழு பேர். போட்டிக்குப் பெயர் கொடுப்பதும் நின்றது.

பிறகு சிறுநீரகம் கெட்டது. ரத்தம் சுத்திகரிக்க வாரம் இரண்டு முறை கள்ளக்குறிச்சிக்குப் போய்வந்தோம். ஆட்டோ பாலத்தில் ஏறும்போதெல்லாம், "டீமு இன்னும் ஏழு பேருதானா?" என்று கேட்பார். ஆமாம் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் சலித்தது. ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதுதான் இன்றும் என்னை அறுக்கிறது.

இடுகாடு அக்கரையில் இருக்கிறது. பாடையைத் தண்ணீர் வழியாகத்தான் கொண்டுபோக வேண்டும் என்றார்கள் சிலர். பாலத்து வழியாக என்று நான் சொன்னேன். அம்மாவுக்குக் கிடைக்காத வழி அது. அவர் அலைந்து வாங்கிய வழி. பங்காளிகள் தூக்கினார்கள். பெண்கள் பாலத்து முனையில் நின்றுவிட்டோம். அப்போது கீழே தண்ணீர் சலசலத்தது. தீவு அணி ஓடையில் இறங்கி, தலையில் சட்டை மூட்டையோடு, பாடைக்குப் பக்கத்திலேயே நடந்துகொண்டிருந்தது. விலகிப் போனவர்களும் திருப்பூரிலிருந்து வந்தவர்களும் அதில் இருந்தார்கள். என் மகனும் இருந்தான்.

முகம் சுளிக்காமல் அழைத்துப்போன ஆட்டோக்காரத் தம்பிக்கும், ஊசி குத்தும்போதெல்லாம் அண்ணனிடம் பேச்சுக் கொடுத்த செவிலியர்களுக்கும், தோள் கொடுத்த பங்காளிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தண்ணீரில் இறங்கியவர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அவர்களை எண்ணி மட்டும் பார்த்தேன்.

பதினொரு பேர், அண்ணா.