வாவியில் மிதந்த சிவப்புக் கார்

எனக்கு எழுபத்தொன்பது வயசு. ஏழு பிள்ளைகளை வளர்த்தெடுத்தேன். ஐந்து நான் பெற்றது, இரண்டு என் தங்கச்சி விட்டுப்போனது. ஏழு பேருக்கும் சோறு போட்டது கராஜ் வேலைதான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள் நான். எழுத்து மெதுவாகத்தான் வரும். வரட்டும், எனக்கு அவசரம் இல்லை. இப்ப கராஜில் வேலை பழகுகிற பிள்ளைகளுக்காக இதை எழுதி வைக்கிறேன். நம்பாதவன் குருமண்வெளித் துறையில் பழைய ஆட்களிடம் கேட்டுப் பார்க்கலாம்.

1. கோழி அடைகிடந்த கார்

சண்டைக் காலம். என்ட மனிசன் கணபதிப்பிள்ளை வெல்லாவெளிப் பக்கம் சின்னக் கராஜ் வைத்திருந்தார். வாதம் வந்து அவருடைய வலது கை விழுந்துபோயிற்று. அன்றிலிருந்து அவர் கதிரையில் இருந்து சொல்லுவார், நான் ஸ்பேனர் பிடிப்பேன். ஒரு வருசத்தில் அவர் சொல்லுமுன்னமே என் கை போய்விடும். ஆனால் பொம்பிளை கழட்டின எஞ்சின் ஓடுமா என்று ஊருக்குச் சந்தேகம். வேலை குறைந்தது.

கராஜ் இருந்த கொட்டில் பிரக்கிராசியாருடையது. கோட்டில் வழக்குப் பேசி ஓய்ந்த மனிதர். கொட்டிலை நெல் மூட்டை அடுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். கொட்டில் போனால் நான் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகவேண்டியதுதான். பாஸ்போட் எடுத்து வைத்துவிட்டேன். கடைசிப் பிள்ளைக்கு அப்ப மூன்று வயசு.

அந்த நேரம் பிரக்கிராசியார் வந்து, "பிள்ளை, என்ட காரை ஒருக்கா வந்து பாரு," என்றார்.

போய்ப் பார்த்தால் கோழிக்கூடு. கூட்டுக்குள்ளே கார். வெள்ளைக்காரத் துரை ஒருவர் ஊரை விட்டுப் போகும்போது விற்ற ஸ்போட்ஸ் கார். ரெண்டு பேர்தான் இருக்கலாம், கூரை கிடையாது. தரைத் தகரம் முழுக்கத் துருவேறிக் கறள் தின்று, கீழே மண் தெரிந்தது. டிரைவர் சீட்டில் ஒரு கோழி அடைகிடந்தது.

"இதுலதான் நான் கலியாணம் முடிச்சு வந்தன். என்ட மகளும் இதுலதான் கோயிலுக்குப் போகணும். மாப்பிள்ளை வீட்டாக்கள் வான்ல வாறாங்களாம். அவங்களுக்கு முன்னால நான் வாடகைக் கார்ல இறங்கிறதா?"

"ஐயா, இதுக்குச் சாமான் எங்க எடுக்கிற?"

"அது உன்ட பாடு. என்ட மகள் இந்தக் கார்ல ஏறி, அக்கரைக் கோயில் வாசலில இறங்கினா, நீ உசிரோட இருக்கிற வரைக்கும் அந்தக் கொட்டில் உனக்கு. இல்லையெண்டா நெல்லுக்கு."

நான் ஓம் என்றேன். கோழி குஞ்சு பொரிக்கும் வரைக்கும் வேலை தொடங்கக் கூடாது என்று பிரக்கிராசியாரின் பெண்சாதி சொன்னதால் அதில் பதினொரு நாள் போயிற்று.

2. ஓட்டை

வெல்டிங் காஸ் எங்கள் பக்கம் வராது. தகரம் வராது. ஒரு பற்றரி வேணுமென்றாலும் ஆமியிடம் பாஸ் எடுக்கவேணும். இருந்ததை வைத்துத்தான் வேலை. போன ஹெட்லைட்டுக்குப் பதிலாகப் பித்தளைச் செம்பின் அடியை வெட்டி வைத்தேன். வெயிலில் நல்லா மின்னும். சீட்டுக்குத் தென்னந்தும்பு அடைத்துப் பன்பாய் தைத்தேன். கதவு பிணைச்சல்கள் கறள் பிடித்துப் போனதால் கதவு ரெண்டையும் ரிவெட் அடித்து மூடிவிட்டேன். ஏறுகிறவர் காலைத் தூக்கி ஏறட்டும்.

தரைதான் பெரிய பிரச்சினை. என் அப்பா வாவித் தோணிகளுக்குக் கலப்பத்து அடித்தவர். பலகை இடுக்கில் பஞ்சைத் திணித்து, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சி ஊற்றி, தண்ணீர் புகாமல் அடைக்கிற வேலை. சின்னதில் அவர் கூட இருந்து பழகினது. உடைந்த தோணி ஒன்றின் பலகையை எடுத்துக் காருக்குத் தரை போட்டேன். கதவு இடுக்கும் சேர்த்துக் கலப்பத்து அடித்தேன். தோணிக்குப் பூசுகிற சிவப்பு பெயின்ட்தான் கிடைத்தது, அதையே பூசினேன்.

என்ட மனிசன் கதிரையில் இருந்து பார்த்தார். "தெய்வானை, தரைக்கு நாலு ஓட்டை வைகா. கூரையில்லாத கார். மழை பெஞ்சா தண்ணி எங்கால போற?"

எனக்குப் பொல்லாத கோபம். "என்ட அப்பா கலப்பத்து அடிச்ச ஒண்டிலயும் ஒரு சொட்டு வந்ததில்ல. நான் அடிச்சுப்போட்டு நானே ஓட்டை போடுறதா?"

"அது தோணிகா, இது கார்."

"பலகை பலகைதான்."

அன்றைக்கே மழை பெய்தது. விடிய எழும்பிப் பார்த்தால் கார் விளிம்பு வரைக்கும் தண்ணீர். என் பிள்ளைகள் உள்ளுக்கிருந்து குளித்துக்கொண்டிருந்தார்கள்.  மனிசனின் வாய் கோணிப் போய் இருந்தது, அது வாதத்தால் இல்லை. நான் சிரட்டையால் இறைத்தேன். ஓட்டை போடவில்லை.

3. பாதை

கலியாணத்துக்கு முதல் நாள் காரை அக்கரைக்குக் கொண்டுபோகவேணும். வாவியின் இஞ்சால், எங்கள் கரையில் இயக்கப் பொடியன்கள், அங்கால் கரையில் ஆமி. நடுவில் பாதை. எங்கள் பக்கத்தில் ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றி வாவி கடக்கிற தட்டைப் படகைத்தான் பாதை என்போம். பாதைக்காரர் சாமித்தம்பி அண்ணன் காரைச் சுற்றி வந்தார்.

"முன்பக்கம் பாரம் கூட, தங்கச்சி. பாதை முன்னுக்குக் குத்திச் சாயும். எஞ்சினைக் கழட்டித் தா, முதல் நடையில கொண்டு போறன்."

கழட்டிக் கொடுத்தேன். அவசரத்தில் காபரேட்டர் கேஸ்கட் கிழிந்தது. பிறகு பார்க்கலாம் என்று விட்டேன். இதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

ரெண்டாம் நடையில் வெறும் கார். மனிசனுக்கு நிற்க ஏலாது, அதனால் டிரைவர் சீட்டில் இருத்தினேன். ஹேன்ட்பிரேக் கிடையாது. சில்லுக்குத் தென்னை மட்டை முட்டுக் கொடுத்திருந்தேன். அக்கரை கிட்டவாக வர, பாதை மணலில் தட்டி முன்பக்கம் எழும்பியது. மட்டை வழுக்கியது. கார் என்ட மனிசனையும் கொண்டு பின்பக்கமாக உருண்டு வாவிக்குள் விழுந்தது.

நான் குழறினேன். கார் ஒருக்கா விளிம்பு வரைக்கும் முங்கி, மறுகா எழும்பி, மிதந்தது. சோளகக் காற்றுத் தள்ள, செம்பு ஹெட்லைட் மின்னிக்கொண்டு, ஆமிக் காவல் சென்றிக்கு நேரே போனது. மனிசன் இடது கையால் ஸ்டியரிங்கைத் திருப்பு திருப்பென்று திருப்பினார்.

"தெய்வானை! ஸ்டியரிங் கேக்குதில்லகா!"

கரையில் இருந்த ஆமிக்காரர்கள் துவக்கை நீட்டினார்கள். 

"ரெண்டு கையும் தூக்கு!"

மனிசன் ஒரு கையைத் தூக்கினார்.

"ரெண்டும்! ரெண்டும்!"

"மற்றது அஞ்சு வருசமா எழும்புறதில்ல சேர்!"

நான் வாவிக்குள் குதித்தேன். நெஞ்சளவு தண்ணீர்தான். "சுடாதீங்க, அது கலியாணக் கார்!" என்று கத்திக்கொண்டு பின்னால் பிடித்துத் தள்ளினேன். சென்றியில் ஒருவன் சிரித்துவிட்டான். அவன் சிரித்ததும் துவக்குகள் இறங்கின.

கரை தட்டியதும் மனிசன் குனிந்து தரையைத் தடவிப் பார்த்தார். ஈரம் இல்லை. என்னைப் பார்த்தார். "நல்ல வேளை, நீ என்ட சொல்லுக் கேக்கல்ல," என்றார். முப்பத்தெட்டு வருசக் குடும்ப வாழ்க்கையில் அவர் அப்படிச் சொன்னது அந்த ஒரு தரம்.

4. ரெண்டு புத்தகம்

சென்றிக்குப் பொறுப்பான சாஜன் ஒருவர், வயசாளி, மேசையில் ரெண்டு புத்தகம் வைத்திருந்தார். அரைகுறைத் தமிழ். "இது வாகனப் புத்தகம். இது போட் புத்தகம். உங்கட சாமான் எதில எழுதுற?"

"கார் சேர். கார்ப் பாஸ் இருக்கு."

"கார் எண்டா பாதையில வரணும். இது தண்ணியில வந்த. போட் பாஸ் எங்க?"

கோட்டும் வேட்டியுமாகக் கரையில் காத்திருந்த பிரக்கிராசியார் முன்னுக்கு வந்தார். "சில்லு இருந்தா அது கார். சட்டம் அப்பிடித்தான்."

"மாத்தயா, நான் என்ட கண்ணால பாத்த. மிதந்த."

"பூசணிக்காயும் மிதக்கும். அதுக்கும் பாஸ் கேப்பீங்களா?"

 பூசணிக்காய்க்குப் பாஸ் தேவையா என்று சாஜன் உள்ளே போய் யாரிடமோ கேட்டுவிட்டு வந்தார். கடைசியில் ரெண்டு புத்தகத்திலும் எழுதினார். ஆனால் போட் என்று எழுதினால் போட் நம்பர் அடிக்கவேணுமாம். ஆமிக்காரன் ஒருவன் வெள்ளை பெயின்ட் எடுத்துவந்து, கலியாணக் காரின் பக்கத்தில் பெரிசாகத் தோணி நம்பர் எழுதினான். நல்ல எழுத்து. 

5. கேஸ்கட்

பின்னேரம் கோயில் வளவில் எஞ்சினை ஏற்றினேன். பெட்ரோல் கிடையாது. கண் மருந்துப் போத்தலால் நாலு சொட்டு பெட்ரோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓட்டுவதுதான் அப்ப வழக்கம். எஞ்சின் இருமும், நின்றுவிடும். இருமும், நிற்கும்.

"காத்து இழுக்குது," என்றார் மனிசன். "கேஸ்கட் எங்க?"

கிழிந்த கேஸ்கட். வேறே இல்லை. தடித்த மட்டை வேணும். கோயிலில் இருந்த பெட்டி மட்டையை வெட்டிப் போட்டேன், மண்ணெண்ணெயில் ஊறிப் பிய்ந்தது. அப்பியாசக் கொப்பி மட்டை, அதுவும் அப்படித்தான். பிரக்கிராசியார் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு, "அப்ப நெல்லுக்குத்தான்," என்று மெதுவாகச் சொன்னார்.

சென்றியில் காட்ட என்று எல்லாக் கடுதாசியும் பிளாஸ்டிக் சொப்பின் பையில் போட்டு இடுப்பில் சொருகியிருந்தேன். எடுத்துப் பிரித்தேன். அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், பாஸ்போட். பாஸ்போட் மட்டையைத் தடவினேன். துணி ஒட்டின நல்ல மட்டை. ஊறாது.

மனிசன் என் கையைப் பார்த்தார். "தெய்வானை, அதை வெட்டினா மறுகா குவைத் இல்ல. ஓடாட்டி கொட்டிலும் இல்ல."

"கத்திரிக்கோலைத் தாங்க."

காபரேட்டரை மட்டையில் அமர்த்தி, பென்சிலால் கோடு கீறி, என் பேர் எழுதின பக்கத்தையும் சேர்த்து வெட்டினேன். கிரீஸ் பூசி, நட்டை இறுக்கினேன். நாலு சொட்டு. இருமியது. மறுகா நிற்கவில்லை.

அடுத்த நாள் பாதைத் துறையில் கலியாணப் பொம்பிளையை மாமன் தூக்கித்தான் காருக்குள் இருத்தினார், கதவு திறக்காதே. நான்தான் ஓட்டினேன். மண்ணெண்ணெய்ப் புகையில் மேளக்காரர் இருமி இருமி வாசித்தார். மாப்பிள்ளை வீட்டார் வானை விட்டிறங்கி, தோணி நம்பரை வாசித்துக்கொண்டு நின்றார்கள். பொம்பிளை கோயில் வாசலில் இறங்கினாள்.

அந்தக் கொட்டிலில்தான் ஏழு பேரும் வளர்ந்தார்கள்.

பிள்ளைகளே, உங்களுக்குச் சொல்ல இருப்பது ரெண்டு. கூரையில்லாத வாகனத்துக்குத் தரையில் ஓட்டை விடுங்கள், அடைக்க ஒரு தக்கையும் வையுங்கள். மற்றது, புதுக் கேஸ்கட் கையில் இல்லாமல் எந்த எஞ்சினையும் கழட்டாதீங்க. எல்லாரிடமும் வெட்ட ஒரு பாஸ்போட் இருக்காது.

எழுதி முடிஞ்சுது. பேத்தி சுகந்தி, இஞ்ச வா மகள். கண்ணாடி போட்டும் எனக்கு என்ட எழுத்துத் தெரியுதில்ல. முதல்ல இருந்து சத்தமா வாசி, உன்ட அப்பப்பாவுக்கு அங்க மாலை போட்ட படத்தில கேக்கட்டும். பாஸ்போட் வெட்டுற இடம் வரக்குள்ள மட்டும் கொஞ்சம் மெதுவா வாசி.