மற்றும் பலர்

என் மனைவியின் ஆய்வுக் கட்டுரையை உலகத்தில் எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று தினமும் காலையில் கைப்பேசியில் பார்ப்பது என் வழக்கம். பல்லடம் சாலையில் சிக்னலுக்கு நிற்கும்போதுகூடப் பார்த்திருக்கிறேன். எண்ணிக்கை கூடியிருந்தால் அன்றைய பொழுது நாசம். கூடாமல் இருந்தால் காபி கொஞ்சம் இனிக்கும். பொறாமைதான். வேறு பெயர் வைத்து மழுப்ப எனக்குத் தெரியாது.

நாங்கள் இருவரும் மருத்துவர்கள். திருப்பூருக்குப் பக்கத்தில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில், சமூக மருத்துவத் துறையில், ஒரே அறையில் எதிரெதிர் மேஜை. முதலில் சேர்ந்தவன் நான். பனியன் கம்பெனித் தொழிலாளர்களின் நுரையீரலைப் பற்றி ஆராய்ச்சி செய்ய ஆரம்பித்தவனும் நான்தான். எங்கள் உலகத்தில் ஓர் ஆள் எழுதியதை இன்னொருவர் எடுத்துச் சொன்னால்தான் மதிப்பு. அதை வைத்துத்தான் பதவி, மரியாதை, மாநாட்டில் முன்வரிசை எல்லாம். நான் எழுதிய கட்டுரைகளின் எண்ணிக்கை அவளுடையதைவிட அதிகம். மேற்கோளா? அதில் பாதி நானே என்னை எடுத்துச் சொன்னது.

அவளுடைய அந்தக் கட்டுரை பிறந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். பஞ்சுத் தூசியில் வேலை செய்கிறவர்களுக்கு நெஞ்சு அடைப்பது, லீவு முடிந்து திரும்பும் முதல் நாளில்தான் அதிகம். திங்கட்கிழமை என்று புத்தகத்தில் போட்டிருக்கும். நானும் புத்தகத்தை நம்பித் திங்கள்தோறும் கம்பெனி கம்பெனியாகப் போய், மூச்சை அளக்கும் கருவியில் ஆட்களை ஊதச் சொன்னேன். ஒன்றும் சிக்கவில்லை. ஒருநாள் துணி மடித்துக்கொண்டே அவள் சொன்னாள்:

"ஏனுங்க, ஷிப்மென்ட் அவசரம்னா ஞாயித்துக்கெழமையும்தான் கம்பெனி ஓடுது. அப்புறம் திங்கக்கெழமை எப்படிங்க மொத நாளாகும்? தீபாவளி லீவு முடிஞ்சு வர்ற அன்னைக்கு ஊதச் சொல்லிப் பாக்கலாமுங்க."

தீபாவளிக்குத் திருப்பூர் காலியாகிவிடும். தெற்கே போகிறவர்கள் பஸ்ஸிலும் வடக்கே போகிறவர்கள் ரயிலிலும் தொற்றிக்கொண்டு போவார்கள். திரும்பி வர ஒரு வாரம், பத்து நாள் ஆகும். இது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். கம்பெனிக்காரர் மகனான எனக்குத் தோன்றவில்லை. வாத்தியார் மகளான அவளுக்குத் தோன்றியது. அப்போதே சுருக்கென்றது.

அந்தத் தீபாவளி லீவு முடிந்த அன்று வேலம்பாளையத்தில் எங்கள் அப்பாவின் கம்பெனி வாசலில் கருவியோடு நின்றவள் அவள். உள்ளே போகுமுன் ஒரு தடவை, சாயங்காலம் வெளியே வரும்போது ஒரு தடவை என்று ஒவ்வொருவரையும் ஊதச் சொன்னாள். இந்திக்காரப் பையன்களுக்கு எப்படி ஊதுவதென்று கன்னத்தை உப்பிக் காட்டிக் காட்டி அவளுக்குத் தாடை வலி கண்டுவிட்டது. நான் கணியூரில் அக்கா தோட்டத்தில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தேன். வந்திருக்கலாம். சின்ன வேலைதானே, அவளே பார்த்துக்கொள்வாள் என்று விட்டுவிட்டேன்.

கட்டுரை தயாரானதும் யார் பெயரை முதலில் போடுவது என்ற பேச்சு வந்தது. இங்கேதான் நான் என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன். எங்கள் ஊரில் எத்தனையோ கம்பெனிகள் வீட்டுப் பெண்கள் பெயரில்தான் ஓடுகின்றன. ராசி பார்த்து வைப்பார்கள். பெயர் அவர்களுடையது, சாவி, கல்லா, வாய்ச்சொல் எல்லாம் ஆண்களுடையது. எங்கள் கம்பெனியும் அம்மா பெயரில்தான். எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த அப்பா, சாப்பிட்ட கையோடு தீர்ப்புச் சொன்னார்:

"உங்கம்மா பேர்ல ஆரம்பிச்சதுதான்டா நின்னுச்சு. எம்பேர்ல ஆரம்பிச்ச ரெண்டும் ஊத்திக்கிச்சு. அம்மணி பேரு ராசியான பேரு. அதையே மொதல்ல போட்ரு."

நானும் பெரிய மனது பண்ணி, "அவ பேரே இருக்கட்டும்" என்றேன். அவளுக்கும் பதவி உயர்வுக்கு ஒரு கட்டுரை தேவைப்பட்டது. பெயர் அவளுடையதாக இருந்தாலும் சரக்கு நம்முடையதுதானே என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு. இரண்டாவது என் பெயர். அதோடு விட்டேனா? கணக்குப் போட்டுக் கொடுத்த புள்ளியியல் விரிவுரையாளர் மனம் நோகக்கூடாது என்று அவர் பெயரையும் மூன்றாவதாக நானே வற்புறுத்திச் சேர்த்தேன். இரண்டு பேர் எழுதியிருந்தால் மேற்கோளில் இரண்டு பெயரும் வரும். மூன்று பேர் ஆகிவிட்டால் முதல் பெயரைச் சொல்லி, 'மற்றும் பலர்' என்று முடித்துவிடுவார்கள். இது எனக்குத் தெரியாததா? தெரியும். அந்தக் கட்டுரையை யாராவது சீண்டுவார்கள் என்றுதான் தெரியாது.

சீண்டினார்கள். எங்கெங்கோ இருக்கிற பஞ்சாலை ஊர்களிலிருந்தெல்லாம் சீண்டினார்கள். பண்டிகை லீவு முடிந்து வரும் நாளில் அளப்பது என்பதை அவள் பெயரைச் சொல்லியே எழுத ஆரம்பித்தார்கள். ஒரு மாநாட்டில் ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "மேடம்கிட்ட என் வணக்கத்தைச் சொல்லுங்க சார்" என்றார். காதில் புகை வந்தது. அவள் ஒரு தடவையாவது பீற்றிக்கொண்டிருந்தால் சண்டை போட்டு மனதை ஆற்றியிருப்பேன். பீற்றவே இல்லை. அதுதான் இன்னும் எரிந்தது. என் பெயரை முதலில் போட்டு நான் பாடுபட்டு எழுதிய பெரிய கட்டுரை நாதியற்றுக் கிடந்தது.

இந்த நேரத்தில்தான் எங்கள் துறையில் பேராசிரியர் பதவி காலியானது. ஒரே ஓர் இடம். கிடைப்பவர்தான் துறைத் தலைவர். எத்தனையோ வருடங்களாக நான் கண் வைத்திருந்த இடம். தகுதி இரண்டு பேருக்கும் இருந்தது.

"நீங்க போடுங்க. சீனியர் நீங்கதானுங்களே" என்றாள்.

விட்டுக்கொடுக்கிறாளா, பிச்சை போடுகிறாளா என்று ஒரு நாள் முழுக்கக் குமைந்தேன். பிறகு விண்ணப்பித்தேன். விண்ணப்பத்தோடு என் கட்டுரைகளை எல்லாம் பட்டியல் போட்டேன். அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். அவள் பெயருக்குப் பின்னால் கைகட்டி நிற்கிற மாதிரி என் பெயரை நானே எழுதிக் காட்டவேண்டுமா? மானம் தடுத்தது.

நேர்காணலுக்கு வெளியூரிலிருந்து ஒரு நிபுணர் வந்திருந்தார். என் பட்டியலை மேலும் கீழும் பார்த்தார். முகத்தில் உற்சாகமே இல்லை.

"கட்டுரைகள் நிறைய இருக்கு. ஆனா யாரும் எடுத்துச் சொன்ன மாதிரித் தெரியலையே டாக்டர்" என்றார். பிறகு திடீரென்று முகம் மலர்ந்து, "உங்க காலேஜ்ல இருந்தே ஒரு அருமையான பேப்பர் வந்திருக்கே! தீபாவளி லீவு முடிஞ்சு வர்ற தொழிலாளர்களை வச்சு ஒரு அம்மா எழுதினது. நீங்க படிச்சிருக்கீங்களா?"

என் கட்டுரையை நான் படித்திருக்கிறேனா என்று கேட்கிறார்! அதை எழுதிய மூன்று பேரில் நானும் ஒருத்தன் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்படியானால் பட்டியலில் ஏன் இல்லை என்று அடுத்த கேள்வி வரும். என்ன சொல்வேன்? பெண்டாட்டி பெயர் முன்னால் இருந்தது, பொறுக்கவில்லை என்றா?

"படிச்சிருக்கேன் சார்" என்றேன்.

"அவங்க ஏன் விண்ணப்பிக்கலை?" என்று அவர் டீனைப் பார்த்துக் கேட்டார். டீன் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்தபோது அவள் அரிசிம்பருப்புச் சாதத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். "என்னங்க கேட்டாங்க?" என்றாள். பொய் சொல்லத்தான் நினைத்தேன். வாய் முந்திக்கொண்டது.

"உன்ற பேப்பரைப் படிச்சிருக்கியான்னு கேட்டாங்க."

அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். "நீங்க என்ன சொன்னீங்க?"

"படிச்சிருக்கேன்னேன்."

சிரிப்பு நின்றது. "பொய்தானுங்களே அது?" என்றாள். கோபமில்லை, சும்மா கேட்பது போலத்தான் கேட்டாள்.

பொய்தான். அவள் திருத்தித் திருத்தி அனுப்பிய ஒவ்வொரு தடவையும் பெயர் வரிசையைப் பார்த்துவிட்டு 'சரி' என்று பதில் போட்டதோடு சரி. அச்சில் வந்த பிறகு எண்ணிக்கையைத்தான் தினமும் பார்த்தேன். கட்டுரைக்குள் போனதே இல்லை.

அன்று சாயங்காலம் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தேன். எங்காவது ஓட்டை இருக்காதா என்றுதான் படித்தேன். இல்லை. பீகாரிலிருந்து வந்த பையன்கள் ரயிலில் வந்து இறங்கிய களைப்பை எப்படிக் கணக்கில் எடுத்துக்கொள்வது என்று ஒரு பத்தி எழுதியிருந்தாள். எனக்கு அது ஏழு ஜென்மத்துக்கும் தோன்றியிருக்காது. நன்றாக இருந்தது. வயிற்றெரிச்சல் இரண்டு மடங்கு ஆயிற்று.

அந்தத் தடவை யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை என்று அறிவித்துவிட்டு மறுபடி விளம்பரம் கொடுத்தார்கள். டீன் அவளைக் கூப்பிட்டு விண்ணப்பிக்கச் சொன்னார். அவள் நேராக என்னிடம் வந்தாள். அப்பாவும் அம்மாவும் கூடத்தில் இருந்தார்கள்.

"போடட்டுங்களா? நீங்க வேண்டாம்னா போடலைங்க."

வேண்டாம் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் அப்பா, "அவ பேர்லயே இருக்கட்டும் உடுடா. பதவி யார் பேர்ல இருந்தா என்ன, ஊடு ஒண்ணுதானே?" என்றார்.

அப்பா பேசினால் அம்மா வாய் திறக்கிற வழக்கமில்லை. அன்று அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அவளிடம் பேசினாள்.

"நீ போடு அம்மணி. எம்பேர்ல ஒரு கம்பெனி ஓடுது. போர்டுல எம்பேருதான் இருக்குது. அந்த ஆபீஸ் சேர்ல நான் ஒருநா ஒக்காந்திருப்பனா, கேளு இவுங்கள. ஆயுத பூசைக்குப் பொரிகடலை குடுக்கத்தான் கூட்டிட்டுப் போவாங்க. உன்ற பேரு அப்படியில்ல. நீ வாசல்ல நின்னு சம்பாரிச்சது. இவங்கிட்ட எதுக்குக் கேக்கறே?"

அப்பா செய்தித்தாளை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். எனக்கு அந்த நேரத்திலும் பொறாமைதான் வந்தது. என் அம்மா எனக்காக ஒருநாளும் இப்படிப் பேசியதில்லை.

"போடு" என்றேன்.

இப்போது அவள் என் துறைத் தலைவர். எதிர் மேஜை காலியாகிவிட்டது. அவள் தனி அறையில் இருக்கிறாள். போன மாதம் நான் ஒரு புதுக் கட்டுரை எழுதினேன். அந்தத் தீபாவளி வேலையைச் சொல்லாமல் அதை எழுத முடியாது. சுற்றி வளைத்துப் பார்த்தேன், வேறு வழியே இல்லை. அவள் பெயரை அடித்தேன். பக்கத்தில், என் கையாலேயே, 'மற்றும் பலர்' என்று அடித்தேன்.