மெயின் சுவிட்சுக்கு ஒரு பூசாரி

தலையில் சொட்டும் கிணற்றுத் தண்ணீரைத் துவட்டாமல், இடுப்பில் ஈர வேட்டியோடு, செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு பூவராகவன் மெயின் சுவிட்சுக்கு முன்னால் வந்து நிற்பார். இரும்புப் பெட்டியை ஈரத் துணியால் துடைப்பார். சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமம் வைப்பார். கற்பூரம் காட்டிவிட்டு, பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். நாமெல்லாம் ஆயுத பூசைக்கு மட்டும் செய்வதை அவர் அன்றாடம் செய்து வந்தார்.

செங்கல்பட்டு ஸ்டேஷன் பக்கம் அவருக்கு மண்ணெண்ணெய்க் கடை. ஊரார் விளக்குக்கெல்லாம் எண்ணெய் அளந்து ஊற்றி, தம் வீட்டுக்கு மட்டும் கரண்ட் இழுத்துக்கொண்ட புத்திசாலி. எங்கள் தெருவில் முதல் பல்பு எரிந்தது அங்கேதான். அடுத்த வீட்டுக்காரன் என்ற முறையில் நானும் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

தெருவில் மின்கம்பம் எதிர்ப்பட்டால் சும்மா போக மாட்டார். அதையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். மழை நாளில் இந்தப் பக்தி சற்றுக் கூடும். மாமல்லபுரத்தில் மச்சான் வீட்டுக்குப் போனபோது, உப்புக் காற்றில் துருப்பிடித்த கம்பங்களைப் பார்த்து, "பாவம், ஒரு பொட்டு வெக்கக்கூட நாதியில்ல" என்று உருகிப்போனாராம்.

பெட்டியைத் தொடும்போது சில நாள் கை சுருக்கென்னும். நமக்கென்றால் பயம் வரும். அவருக்குப் பரவசம் வந்தது. "அம்மா இன்னிக்குப் பேசிட்டா நைனா! கை பூரா சிலுசிலுன்னு கீது!" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே எனக்குச் செய்தி சொல்வார்.

அவர் மனைவி சம்பூர்ணத்துக்கு அம்மா பேசுவது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. வயர்மேன் நூர்முகமதுவைக் கூட்டிவந்தார். அவர் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இதுலேர்ந்து மண்ணுக்குப் போன எர்த் கம்பி எங்க அண்ணாத்த?"

அந்தச் செம்புக் கம்பி எதிர்ச் சுவரில் சாமி படத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது.

"மண்ணுல பொதைச்சா அது இன்னா மொளைக்கவா போவுது? சொம்மா கெடந்திச்சி, எடுத்தேன்" என்றார் பூவராகவன்.

"கரண்ட் கசிஞ்சா மண்ணுக்குப் போற வழியே அதான். இப்ப உன் ஒடம்பு வழியாப் போவும். நாளைக்குப் புதுக் கம்பி எடுத்தாறேன், அது வரிக்கும் தொடாத. தொடணும்னா ஈரமில்லாம, கால்ல டயர் செருப்பு போட்டுக்கினு தொடு."

"சாமி முன்னாடி செருப்பா? வாயக் கழுவு!"

நூர்முகமது பேஜாராகிப் போய்விட்டார்.

மறுநாள் காலை அம்மா பேசியதோடு நிற்கவில்லை, கையைப் பிடித்துக்கொண்டாள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து முனகல் மட்டும் கேட்டது. நான் ஓடியபோது பூவராகவன் பெட்டியோடு ஒட்டி உதறிக்கொண்டிருந்தார். எனக்குக் கை கால் ஓடவில்லை. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அழுகைதான் வந்தது. சம்பூர்ணம் அழவுமில்லை, அவரைத் தொடவுமில்லை. மூலையில் கிடந்த பூண் கழன்ற காய்ந்த உலக்கையை எடுத்து முழங்கையில் ஒரே போடு போட்டார். மனிதர் பிய்த்துக்கொண்டு விழுந்தார். புருஷனை உலக்கையால் அடித்த பெண்பிள்ளையைத் தெருவே கையெடுத்துக் கும்பிட்டது.

இரண்டு விரல் வெந்ததோடு போயிற்று. நூர்முகமது புதுக் கம்பியைப் பதித்துவிட்டுப் போனார். "இன்னொரு வாட்டி இப்படிப் பண்ணா, நான் மாமல்லபுரத்துக்கு எங்கண்ணன் வூட்டுக்கே போயிடுவேன்" என்றார் சம்பூர்ணம். பூவராகவன் தலையாட்டினார். மனைவி சொல்லைத் தட்டாதவர் என்று பெயரெடுத்தவர் அவர்.

இன்று காலை எட்டிப் பார்த்தேன். தலை துவட்டியிருந்தது, வேட்டி காய்ந்திருந்தது. மணைப்பலகை மேல் ஒரு ஜோடி புது டயர் செருப்பு. பூவராகவன் அதற்குச் சந்தனம் வைத்தார், குங்குமம் வைத்தார், தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார், பிறகு காலில் மாட்டிக்கொண்டார். பெட்டிக்கு முன்னால் பணிவாக நின்று, துடைக்கும் துணியைச் செம்புத் தண்ணீரில் முக்கிப் பிழிந்தார்.

சம்பூர்ணம் உலக்கையை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் வந்து நின்றார்.