பத்து நிமிஷம் திருடியவள்

துறைமுகத்தில் அவனை நங்கூரம் என்றுதான் கூப்பிடுவார்கள். கீழே போனால் லேசில் மேலே வர மாட்டான். கப்பல்களின் அடிவயிற்றில் ஒட்டிய சிப்பியையும் பாசியையும் சுரண்டுவது தொழில். படகில் உட்கார்ந்து அவன் இடுப்புக் கயிற்றைப் பிடித்திருப்பவர் மச்சான், மனைவியின் அண்ணன்.

அவன் கையில் மட்டும் பணக்காரக் கடிகாரம். உல்லாசப் படகு ஒன்றின் அடியில் சுழலும் விசிறியில் சிக்கிய வலையை அறுத்துவிட்டதற்கு, படகுக்காரர் தன் கையிலிருந்து கழற்றிக் கட்டிவிட்டது. எழுபது வருஷத்துக்கு முன்னால் முக்குளிப்பவர்களுக்கென்றே பிறந்த வம்சம் அது. இன்றைக்கு அதைக் கட்டுகிறவர்களில் பாதிப் பேர் கை கழுவும்போதுதான் நனைக்கிறார்கள்.

கலங்கிய தண்ணீரில், முதுகு உருளையில் மிச்சக் காற்றைக் காட்டும் காற்றுமானி தெரியாது. கடிகாரத்தின் பச்சைப் புள்ளிகள் தெரியும். குதிக்கும் முன் கண்ணாடியைச் சுற்றிய வளையத்தைத் திருப்பி, அதிலுள்ள முக்கோணத்தை நிமிஷ முள்ளுக்கு நேரே வைப்பான். முள் அங்கிருந்து நகர்ந்த அளவு காற்று செலவு. ஆதியில் வளையம் இரண்டு பக்கமும் சுற்றியதாம். இடிபட்டு நகர்ந்தால், இல்லாத காற்றை இருப்பதாகக் காட்டும். அப்புறம்தான் ஒரே பக்கம் சுற்றும்படி மாற்றினார்கள். இப்போது இடித்தால் நேரம் குறையுமே தவிர அதிகமாகாது.

"பயந்தவன் ஒருத்தன் யோசிச்சிருக்கான். நல்லவன்," என்பான் நங்கூரம்.

அன்று காலை பாதிக் கப்பல் சுத்தமாகியும் கடிகாரம் ஆறு நிமிஷம்தான் ஆனது என்றது. தோள்பட்டை வேறு கணக்கு சொன்னது. முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தான். புள்ளிகள் கலங்கியிருந்தன, முள் நகரவில்லை. அடுத்த மூச்சு இறுகி வந்தது. கயிற்றை வெடுக்கென்று இழுத்தான்.

மச்சான் மேலே தூக்கிப் போட்டார். "உங்க கடிகாரத்தை நம்பி நான் நேரம் பார்க்கிறதையே விட்டுட்டேன் மாப்பிள்ளை." பிறகு அதன் பக்கவாட்டைக் காட்டினார். "இதோ, சாவி கொடுக்கிற திருகு இறுக்காம நிக்குதே, தண்ணி உள்ளே போயிருக்கு!"

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். உள்ளே நீர் கோத்த கடிகாரத்தைப் பார்த்ததும் கை நின்றது.

"நான்தாங்க. இது வந்த நாள்லேர்ந்து, நீங்க குளிக்கப் போறப்போ முள்ளைப் பத்து நிமிஷம் முன்னாடி தள்ளி வைப்பேன். சீக்கிரம் மேலே வருவீங்கன்னு. சாயங்காலம் சரி பண்ணிடுவேன். இன்னைக்குப் பால் பொங்கிடுச்சு, ஓடினவ திருகை மறந்துட்டேன்."

கோபமாகத்தான் வாயைத் திறந்தான். வந்தது சிரிப்பு.

"அட பைத்தியம்! முள் எங்கே இருந்தாலும் அங்கேயிருந்துதானே எண்ணுவேன்? ஒரு நிமிஷம்கூட நீ திருடலை."

அவள் சிரிக்கவில்லை. "அப்போ இத்தனை நாளும் முழு நேரமும் கீழேதான் இருந்தீங்களா?" என்று கேட்டு, அதற்குத்தான் அழுதாள்.

கடிகாரக் கடைக்காரர் உள்ளே காயவைத்து, தண்ணீரைத் தடுக்கும் ரப்பரை மாற்றிக் கொடுத்தார். மறுபடி வேலைக்குப் போன அன்று, யாரையும் கேட்காமல் அவளும் படகில் ஏறி உட்கார்ந்தாள். நங்கூரம் வளையத்தைத் திருப்பி வைத்ததும் அவன் மணிக்கட்டைப் பிடித்து, மேலும் டிக் டிக்கென்று திருப்பினாள்.

"போதும்மா," என்றார் அண்ணன். "இன்னும் திருப்பினா, மாப்பிள்ளை குதிக்கிறதுக்கு முன்னாடியே மேலே வந்தாகணும்."

அவள் விட்ட இடத்திலேயே வளையத்தை வைத்துக்கொண்டு நங்கூரம் குதித்தான்.

அன்றைக்குக் கப்பலின் பின்பக்கம் கொஞ்சம் பாசி மிச்சம். ஏனென்று கேட்ட கப்பல்காரரிடம், நேரம் முடிந்துவிட்டது, மீதி நாளைக்கு என்று சொல்லிவிட்டு, மனைவிக்குக் கைகொடுத்துக் கரையில் இறக்கினான்.