சர்வருக்குப் பொட்டு வைத்த நானும் வசந்தா மேடமும்

வசந்தா மேடம் போய்விட்டார் என்று அவருடைய கணவர் போனில் சொன்னபோது பீன்யா தொழிற்பேட்டையில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். வந்த இரண்டு பஸ்ஸையும் விட்டுவிட்டேன். மூன்றாவதில் ஏறி உட்கார்ந்ததும், கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தேன். அவரை நினைத்தால் எனக்கு எப்போதும் அப்படித்தான் ஆகும். எங்கள் பம்ப் கம்பெனியில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு இது புரியும்.

கம்ப்யூட்டர் பிரிவு என்றால் அவர் ஒருவர்தான். தமிழர்கள் நிறைந்த ஸ்ரீராம்புரத்தில் பிறந்து வளர்ந்தவர். தமிழ், கன்னடம் இரண்டிலும் சரளமாகத் திட்டுவார். நான் ஸ்டோர்ஸ் பொறுப்பாளன். இருவருக்கும் ஒரே வயது என்பதால் எனக்குத் திட்டு கொஞ்சம் கூடுதலாகவே கிடைக்கும்.

ஒரு வருடம் ஆயுத பூஜையன்று அவர் லீவு. இயந்திரங்களைத் துடைத்துப் பொட்டு வைப்பது என் பொறுப்பாயிற்று. ஈரத்துணி படுமே என்று மெயினை அணைத்தேன். யூபிஎஸ்ஸையும் விட்டுவைக்காமல் அணைத்து, சந்தனம், குங்குமம் வைத்தேன். மூலையில் ஓடிக்கொண்டிருந்த லினக்ஸ் சர்வரை முறைப்படி நிறுத்திய பிறகே அணைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் பம்புகளின் டிராயிங் அத்தனையும் அதில்தான் இருந்தன.

விடுமுறை முடிந்து வந்து போட்டால், திரை முழுக்க டிஸ்க் எரர். நான்கு முறை அணைத்து அணைத்துப் போட்டேன். பழுது பார்க்கட்டுமா என்று அதுவே கேட்டது. சரி என்று அழுத்தப் போனபோது மேடம் உள்ளே வந்தார்.

“கையை எடுங்க முரளி. சாகக் கெடக்கிற டிஸ்க்குல ரிப்பேர் ஓட்டுனா இருக்கிறதும் போயிடும். மொதல்ல காப்பி.”

மெயினை அணைத்தது நான்தான் என்று அவரிடம் சொன்னேன். அவர் பேக்கப் டிஸ்க்கைத் திறந்தால் பல மாதமாக எதுவுமே ஏறவில்லை. அதைச் சரிபார்க்காதது தன் தப்பு என்று உடனே சொன்னார். எனக்கோ வேலை போய்விடும் என்று பயம். விஷயம் கேட்டு வந்த முதலாளியிடம், “கரண்ட் போயிருக்கு சார்” என்று மட்டும் மேடம் சொல்லிவிட்டு வேலையில் உட்கார்ந்துவிட்டார்.

பென் டிரைவிலிருந்து இன்னொரு லினக்ஸை ஓட்டி, பழைய டிஸ்க்கில் எதையும் எழுதாமல், புது டிஸ்க்குக்குப் பிரதி எடுத்தார். நன்றாகப் படிக்க முடிந்த இடங்கள் முதலில், முரண்டு பிடித்தவை கடைசியில். மறுநாள் மதியம்தான் முடிந்தது. அதற்குப் பிறகே பழுது பார்த்தார், அதுவும் பிரதியில்தான்.

கோப்புகள் பெரும்பாலும் வந்துவிட்டன. ஆனால் பல கோப்புகளுக்குப் பெயர் இல்லை, வெறும் எண்கள்! மேடம் லேத் ஆட்களைக் கூப்பிட்டு, ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். “இது அஞ்சு ஹெச்பி ஷாஃப்ட்”, “இது பழைய மாடல் மூடி” என்று அவர்கள் போட்டி போட்டுக்கொண்டு சொல்லச் சொல்ல, அவர் பெயர் வைத்தார். அடுத்த மூன்று நாளும் அந்த அறையில் திருவிழாக் கூட்டம்தான்.

அடுத்த வருடத்திலிருந்து பூஜைக்கு அவர் போட்ட சட்டம் உங்களுக்குத் தெரியும். முதலில் டிஸ்க்கின் உடல்நிலை அறிக்கையைப் படிக்க வேண்டும். பிறகு பேக்கப்பிலிருந்து ஒரு டிராயிங்கை எடுத்துத் திறந்து காட்ட வேண்டும். “தெறந்து பாக்காத பேக்கப் பேக்கப்பே இல்ல” என்பார். அதன் பிறகு சர்வரை நிறுத்தினால்தான் பொட்டு. அது முடியும்வரை சுண்டலில் யாரும் கை வைக்க முடியாது.

போன வாரம் கம்பெனியில் இரங்கல் கூட்டம் முடிந்ததும், மனம் கேட்காமல் முதலாளியிடம் போய், அன்று கரண்ட் போகவில்லை, மெயினை அணைத்தது நான்தான் என்று சொன்னேன். அவர் சிரித்தார்.

“தெரியும் முரளி. அன்னைக்கே வசந்தா என் ரூமுக்கு வந்து ரெண்டு பேர் தப்பையும் சொல்லிட்டாங்க. உங்களை வேலையை விட்டு அனுப்புனா தானும் வரமாட்டேன்னாங்க. உங்ககிட்ட இதைப் பத்திக் கேக்கவே கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கிட்டாங்க.”

இத்தனை வருடம் தினமும் ஒன்றாக டீ குடித்திருக்கிறோம். மேடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர் நினைவாக என்னிடம் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்டால், நான் இன்றும் பார்த்துக்கொண்டிருக்கும் இந்த வேலைதான்.